எட்டு அங்குலத் தாழ்ப்பாள்

டொக். டொக். அப்புறம் கிர்ர்ரீச் என்று ஓர் இழுவை.

இரவு ஒன்பதே கால் இருக்கும். பிள்ளைகள் இரண்டும் தூங்கியாயிற்று. கடையிலிருந்து இவர் இன்னும் வரவில்லை. சத்தம் வீட்டுக்குப் பின்னால், முருங்கை மரத்துப் பக்கமிருந்து வந்தது.

நான் பயந்த சுபாவம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சுவரில் பல்லி இருந்தால் பயம். இருந்த பல்லியைக் காணவில்லை என்றால் அதைவிடப் பயம். காலிங்பெல் அடித்தால் பயம். அடிக்காமல் யாராவது வந்து நின்றால் உயிரே போய்விடும். மூத்தவன் இனிகோவுக்கு நாலு வயது, சின்னவளுக்கு ஒன்றேகால். இரண்டு பேரும் பிறந்த பிறகு என் பயம் மூன்று பேருக்கான பயமாகிவிட்டது.

புத்தியுள்ள எந்தப் பெண்ணும் அந்த நேரத்தில் என்ன செய்வாள்? பிள்ளைகள் படுத்திருக்கிற அறைக்குள் ஓடிப் போய்த் தாழ்ப்பாள் போடுவாள். நானும் ஓடினேன். கதவைச் சாத்தினேன். கை தன்னால் மேலே போய்த் தடவியது. அங்கே நாலு திருகாணி ஓட்டை மட்டும் இருந்தது.

எங்கள் வீட்டில் எந்தக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. இத்தனைக்கும் என் வீட்டுக்காரர் பிராங்கிளின், திண்டுக்கல் மணிக்கூண்டுப் பக்கம் பூட்டுக் கடை வைத்திருக்கிறார். ஊரைப் பூட்டிவிட்டு வருகிறவர் வீட்டில் பாத்ரூமுக்குக்கூடத் தாழ்ப்பாள் இல்லை.

காரணம் இனிகோ. போன குருத்தோலை ஞாயிறு அன்று, பவனிக்கு நேரமாச்சு என்று எல்லோரும் வாசலில் நிற்கிறோம், இவன் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டான். போடத் தெரிந்தது, எடுக்கத் தெரியவில்லை. பூட்டுக்காரர் ஒரு மணி நேரம் வெளியே நின்று கதவோடு பேசிப் பார்த்தார். கெஞ்சினார். சாக்லேட் தருவதாகச் சொன்னார். உள்ளே இருந்தவன் சாக்லேட்டைக் கதவுக்கு அடியில் தள்ளச் சொன்னான். கடைசியில் பக்கத்து வீட்டு அப்துல் லத்தீப் அண்ணன், வெல்டிங் பட்டறைக்காரர், கட்டிங் மிஷினோடு வந்து கதவை அறுத்தார். தெருவே கூடிவிட்டது. பூட்டுக் கடைக்காரர் வீட்டுக் கதவே திறக்கவில்லையாமே என்று யாரோ சொன்னது இவர் காதில் விழுந்துவிட்டது.

அன்று சாயங்காலமே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். பதினோரு தாழ்ப்பாள். எல்லாவற்றையும் கழற்றி ஒரு பையில் கட்டிப் பரணில் ஏற்றினார். வாசல் கதவுக்கும் கொல்லைக் கதவுக்கும் சாவிப் பூட்டு உண்டு. சாவி இவர் இடுப்பில்.

பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் போடலாமே என்றேன். ஸ்டூல் போட்டு ஏறுவான் என்றார். ஸ்டூலை ஒளித்து வைப்போமே என்றேன்.

“பிரிஸ்கில்லா, நீ உலகத்துல இருக்குற எல்லாத்துக்கும் பயப்படுற. இந்தத் தாழ்ப்பாளுக்கு மட்டும் ஏன் பயப்பட மாட்டேங்குற?”

ஆறு மாதமாக நான் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்கிறேன், உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டும் என்பதற்காக. பாட்டு நின்றால் கதவு திறக்கும். பாட்டு நிற்காவிட்டாலும் திறக்கும். இனிகோ வந்து, யானைக்கு முட்டி எங்கே இருக்கும் என்று கேட்பான். பின்னாலேயே சின்னவள் தவழ்ந்து வந்து சோப்பைத் தின்னப் பார்ப்பாள். தலைக்கு ஊற்றிய ஷாம்பூவோடு யானையின் முட்டியைப் பற்றி யோசித்த பெண் திண்டுக்கல் ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆகவே அந்த இரவு, தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு முன்னால் அரிசி டிரம்மை இழுத்துப் போட்டேன். டிரம்முக்கு முன்னால் நான் உட்கார்ந்தேன். ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். இரண்டாம் பத்துமணியில் கதவு தள்ளப்பட்டது. டிரம் ஓர் அங்குலம் நகர்ந்தது. நானும் ஓர் அங்குலம் நகர்ந்தேன்.

“பிரிஸ்கி, வெளிய வா. உனக்கு ஒண்ணு காட்டணும்.”

திருடன் இல்லை. இவர்தான்.

பின்னால் முருங்கை மரத்தடியில் ஒரு குட்டி லாரி நின்றது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போய் ஓய்ந்த வண்டி. நாலு பக்கமும் தகரம் அடித்த மூடிய கூண்டு. லத்தீப் அண்ணனின் பட்டறையில் ஒரு மாதமாக ரகசியமாக நின்றிருக்கிறது. நான் கேட்ட டொக் டொக், இவர் அதற்குள் அலமாரி அடித்த சத்தம். கிரீச், அதன் கதவு.

“கேரவன்” என்றார்.

எனக்குத் தெரிந்து கேரவன் என்பது நடிகர்கள் ஷூட்டிங்கில் உட்கார்ந்து இளநீர் குடிக்கிற வண்டி. எந்த நடிகர் வருகிறார் என்று கேட்டேன். நாமதான் என்றார். காலாண்டு லீவில் நாலு நாள், சேவுகம்பட்டியில் அவருடைய நண்பர் முருகேசனின் தென்னந்தோப்பில் போய் நிற்கப் போகிறோம். ஓட்டல் வேண்டாம், ரூம் வேண்டாம், பிள்ளை அழுதால் பக்கத்து ரூம்காரர் முறைப்பு வேண்டாம். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சுற்றுலா போவது எப்படி என்று நாட்டுக்கே காட்டப் போகிறேன் என்றார்.

உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே செய்திருந்தார். மடக்குக் கட்டில். தொட்டில் மாட்ட இரண்டு கொக்கி. கம்பிவலை அடித்த இரண்டு ஜன்னல். முன்னால் டிரைவர் உட்காரும் இடத்துக்கும் கூண்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடி. சுவரில் பதினாறு பை தைத்த ஒரு துணி. டயப்பருக்கு ஒன்று, பால்புட்டிக்கு ஒன்று, சளி மருந்துக்கு ஒன்று. மூலையில் திரை போட்டுக் குளிக்க ஒரு சதுரம். கொஞ்சம் வெங்காய வாசம். ஒரு நோட்டும் போட்டிருந்தார், முப்பத்திரண்டு விதிகளோடு. நிறுத்தம் வத்தலக்குண்டில் மட்டும். ஓடும் வண்டியில் பிள்ளைகள் பின்னால் படுத்துத் தூங்க வேண்டும். வண்டி ஓட்டுபவரின் கவனத்தை யாரும் எக்காரணம் கொண்டும் கலைக்கக் கூடாது.

கதவை மூடினோம். என் கை மேலே போனது. வழுவழுவென்று தகரம்.

“என்னங்க, உள்ள தாழ்ப்பாள்?”

“காய்கறி வண்டிக்கு எதுக்குப் பிரிஸ்கி உள்தாழ்ப்பாள்? முருங்கைக்காய் எந்திரிச்சுப் போடுமா?”

வெளியே கூட்டிப் போய்க் காட்டினார். நீளக் கொண்டி. அதில் மூன்று பூட்டு. மூன்றாவது இவர் கடையின் பெருமை, பித்தளைப் பூட்டு. சாவி கையில் இருந்தாலும் சூட்சுமம் தெரியாமல் திறக்க முடியாது. அந்தச் சூட்சுமம் இவருக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணமாகி ஆறு வருடத்தில் எனக்குச் சொன்னதில்லை. தொழில் ரகசியம் என்பார்.

எனக்கு மனதில் ஓடியது ஒன்றே ஒன்று. தென்னந்தோப்பு. இருட்டு. பாம்பு, நாய், யாரோ ஒருவர். நடுவில் உள்ளே தாழிட முடியாத ஒரு தகரப் பெட்டி. அதற்குள் என் இரண்டு பிள்ளைகள். பெட்டி ஓடும்போது வெளியே மூன்று பூட்டு, நின்ற பிறகு உள்ளே ஒன்றுமில்லை. ராத்திரிக்குக் கதவை எப்படி மூடுவது என்றேன். நான் கதவோரம் படுத்துக்கொள்கிறேன் என்றார். இவர் படுத்தால் மணிக்கூண்டு சரிந்து விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். ஒரு தாழ்ப்பாள் போட்டால்தான் வருவேன் என்றேன். பாத்ரூமில் நடந்தது காட்டில் நடந்தால் கட்டிங் மிஷினுக்கு எங்கே போவது என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு ஃபாயிஸா அக்காவிடம் அழுதேன். லத்தீப் அண்ணனின் மனைவி. கீரை ஆய்ந்துகொண்டே முழுவதும் கேட்டார்.

“ஏம்மா, பயந்தவ சொல்லு எந்தச் சபையில ஏறுச்சு? நீ இனி ஒண்ணும் சொல்லாத. அவரு சொல்றதக் கேளு. ஒண்ணுவிடாம முழுசாக் கேளு.”

அந்தக் கடைசி வார்த்தை என் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் கான்வென்ட்டில் படித்தவள். பன்னிரண்டு வருஷம் கீழ்ப்படிதலுக்கே பரிசு வாங்கியவள். என்னிடம் இருப்பதிலேயே பெரிய ஆயுதம் அதுதான் என்பது அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

அன்று முதல் கேட்டேன். நோட்டை மனப்பாடம் செய்தேன். விதி பதினேழு என்ன என்று இவர் கேட்டால் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தேன். இவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. ஒரு நாள் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னேன், நாலு நாளும் பிள்ளைகள் பின்னாடியே நான் ஓடினால் எனக்கு லீவு எங்கே என்று. இவர் ரசத்தை உறிஞ்சிவிட்டு ஒரு மகாராஜா மாதிரி கையை உயர்த்தினார்.

“நாலு நாளும் பிள்ளைக என் பொறுப்பு. நீ சுண்டு விரல்கூட அசைக்க வேணாம்.”

ரொம்ப நன்றிங்க என்றேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. இவர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த பதினைந்து நாள், வண்டிக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று லத்தீப் அண்ணன் அதைப் பட்டறைக்கே திரும்ப ஓட்டிக்கொண்டு போனார். இருந்தது. அதை இப்போது சொல்ல மாட்டேன். இனிகோ எல்கேஜிக்கும் இவர் கடைக்கும் போன பிறகு, பதினோரு மணிக்கு நானும் அங்கே போவேன். எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே எடுத்த லைசென்ஸ் இருக்கிறது. பீரோவில் ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டோடு தூங்கிக்கொண்டிருந்தது. பட்டறைக்குப் பின்னால் பெரிய பொட்டல். ஃபாயிஸா அக்கா மடியில் சின்னவளை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார, லத்தீப் அண்ணன் எட்டத்தில் நின்று கைகாட்ட, நான் அந்தக் காய்கறி வண்டியை ஓட்டினேன். முதல் நாள் ஒரு வேலியைச் சாய்த்தேன். மூன்றாம் நாள் ரிவர்ஸ் வந்தது. ஆச்சரியம் என்னவென்றால், பல்லிக்கு நடுங்குகிற எனக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தால் நடுக்கம் இல்லை. உயரத்தில் உட்கார்ந்து பார்த்தால் உலகம் கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது.

கிளம்புகிற நாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வழக்கப்படி புது வண்டியை மந்திரிக்காமல் எடுக்கக் கூடாது. பழைய வண்டியானாலும் எங்களுக்குப் புதுசு. முதல் பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் நிறுத்தினோம். பங்குத்தந்தை தீர்த்தச் செம்போடு வந்தார். சுற்றிலும் ஐம்பது அறுபது பேர். முந்தைய நாளே நான் ஃபாதரிடம் ஒன்று சொல்லி வைத்திருந்தேன்: இவர் நல்ல ஒரு வாக்குறுதி எடுத்திருக்கிறார், வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பார், நீங்களே கேளுங்கள் என்று.

ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டு ஃபாதர் கேட்டார். இவர் வெட்கமே படவில்லை. மைக் மட்டும்தான் குறை. நாலு நாளும் பிள்ளைகள் முழுக்கத் தன் பொறுப்பு என்றும், இன்றைய தகப்பன்மார்கள் இதைப் பார்த்து நடக்க வேண்டும் என்றும் சொன்னார். மரியாயின் சேனைப் பெண்கள் கைதட்டினார்கள். ஃபாதர் ஆமென் சொன்னார். வாக்கு வானத்துக்கே போய்விட்டது.

பிள்ளைகளைக் கூண்டுக்குள் ஏற்றினோம். இவர் டிரைவர் சீட்டுப் பக்கம் நடந்தார்.

“என்னங்க, பிள்ளைக பின்னால இருக்காங்க.”

“ஆமா. நீ ஏறு.”

“உங்க பொறுப்புன்னு சொன்னீங்க. இப்பத்தான சொன்னீங்க.”

இவர் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் செம்போடு புன்னகைத்துக்கொண்டு நின்றார். அறுபது பேரும் நின்றார்கள்.

“அப்ப வண்டிய யாரு ஓட்டுறது?”

நான் கைப்பையைத் திறந்து லைசென்ஸை எடுத்துக் காட்டினேன். இவரிடம் காட்டவில்லை. ஃபாதரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்து, தேதி சரியாக இருக்கிறது என்றார்.

ஒரு மனிதன் ஐம்பது பேர் முன்னால் கூண்டுக்குள் ஏறுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சர்க்கஸில்கூடச் சிங்கம் இவ்வளவு யோசிக்காது. இவர் ஏறினார். ஓடும்போது கதவு வெளியே பூட்டியிருக்க வேண்டும், அது விதி ஐந்து. கொண்டியைப் போட்டேன். மூன்று பூட்டையும் போட்டேன். பூட்டுவதற்குச் சூட்சுமம் தேவையில்லை, அமுக்கினால் போதும். சாவிக் கொத்தை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நான் போகவில்லை. வத்தலக்குண்டு ரோட்டில் என்னை டவுன் பஸ் முந்தியது, டிராக்டர் முந்தியது, ஒரு கட்டத்தில் ஆட்டு மந்தை ஒன்றும் முந்தப் பார்த்தது. நடுவிலுள்ள கண்ணாடியில் பிள்ளைகளை அடிக்கடி பார்த்துக்கொண்டேன். இரண்டு பேரும் சௌக்கியமாக இருந்தார்கள். இவரைத்தான் கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

முதல் பத்து நிமிடம் இவர் கட்டிலில் கால்மேல் கால் போட்டிருந்தார். அடுத்த பத்து நிமிடத்தில் பதினாறு பையும் காலியாகிவிட்டன. பாலும் சத்துமாவும் கட்டிலில் கலந்தன. தூங்க வேண்டிய பிள்ளைகள் தூங்குவதாக இல்லை. விதியை அவர்கள் படிக்கவில்லை. சின்னவள் இவர் மீசையைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகினாள். இனிகோ பாட்டியை, அதாவது பிள்ளை உட்காரும் பிளாஸ்டிக் சட்டியை, தொப்பியாக்கிக்கொண்டான். அதற்குமுன் அது காலியாக இருந்ததா என்று நான் கவலைப்பட்டேன். இல்லை என்பது இவர் சட்டையைப் பார்த்ததும் தெரிந்தது.

கண்ணாடியைத் தட்டினார். நான் ரோட்டைப் பார்த்தேன். வண்டி ஓட்டுபவரின் கவனத்தை யாரும் எக்காரணம் கொண்டும் கலைக்கக் கூடாது. இன்னும் தட்டினார். வாயசைவிலிருந்து நிறுத்து என்று சொல்வது புரிந்தது. நிறுத்தம் வத்தலக்குண்டில் மட்டும். நான் கீழ்ப்படிதலுக்கே பரிசு வாங்கியவள்.

செம்பட்டி தாண்டியதும் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். ஓரங்கட்டினேன். அவர் சட்டையில் சடையாண்டி என்று பெயர் எழுதியிருந்தது. கூண்டுக்குள்ளிருந்து தகரத்தை யாரோ இடிக்கிற சத்தம் ரோடு முழுக்கக் கேட்டது.

“என்ன லோடும்மா?”

எனக்குப் பொய் வராது.

“லோடு இல்ல சார். என் வீட்டுக்காரரும் ரெண்டு பிள்ளைகளும்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பின்னால் போய் மூன்று பூட்டையும் பார்த்தார். திரும்பி வந்து மறுபடி என் முகத்தைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு, எவ்வளவு நாளாகப் பிரச்சனை என்று கேட்டார். ஆறு மாதம் சார் என்றேன். தாழ்ப்பாளைத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

திறக்கச் சொன்னார். முதல் பூட்டைத் திறந்தேன். இரண்டாவதையும் திறந்தேன். மூன்றாவதில் சாவி சுற்றிக்கொண்டே இருந்தது. சடையாண்டி முயன்றார். டீக்கடையிலிருந்து வந்த ஒருவர் முயன்றார். ஒரு லாரி டிரைவர், இதெல்லாம் பழக்கம் என்று வந்து முயன்று வேர்த்துப் போனார். எனக்குத் தெரியாது சார், தொழில் ரகசியம், அவருக்கு மட்டும்தான் தெரியும் என்றேன்.

அந்த அவர் உள்ளே இருந்தார்.

“சார், அந்தப் பித்தளை வில்லைக்குக் கீழ ஒரு குமிழ் இருக்கும் சார்.”

“சத்தமாச் சொல்லுங்க, கேக்கல.”

“பித்தளை வில்லைக்குக் கீழ குமிழ். அத இடது கட்டை விரலால அமுக்கிக்கிட்டே சாவியப் பாதி திருப்புங்க. திருப்பி, அப்படியே பின்னால கொண்டாந்து, திரும்ப முன்னால.”

பெண்டாட்டிக்கு ஆறு வருஷம் சொல்லாத ரகசியத்தைத் தொண்டை கிழிய வத்தலக்குண்டு ரோட்டில் இரண்டு தடவை சொன்னார். டீக்கடையில் எட்டுப் பேர். ஒருவர் சரியாகக் கேட்காதவருக்குக் கைஜாடையோடு விளக்கினார். பூட்டு திறந்தது.

கதவு திறந்ததும் முதலில் வெங்காய வாசம் வரவில்லை. வேறு வாசம் வந்தது. சட்டையில் பால், காலரில் மாவு, மற்றதை எழுத முடியாது. நோட்டின் முப்பத்திரண்டு விதிகளும் கிழிந்து, துடைத்து, சுருண்டு தரையில் கிடந்தன. இனிகோ அப்பா மேல் ஏறி உட்கார்ந்திருந்தான். அம்மா, இன்னொரு தடவை போவோமா என்று கேட்டான்.

சடையாண்டி என்னைத் திட்டினார், இவரையும் திட்டினார். ஆளை வைத்துக் கூண்டைப் பூட்டி ஓட்டக் கூடாது, இனி எல்லோரும் முன்னால் உட்கார்ந்துதான் போக வேண்டும் என்றார். சரிங்க சார் என்றேன். இவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, என்ன தொழில் செய்கிறீர்கள் என்று விசாரித்தார்.

“பூட்டு” என்றார் இவர்.

சடையாண்டி வானத்தைப் பார்த்தார்.

டீயைக் குடித்து முடித்துவிட்டு இவர் ரொம்ப நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சின்னவளுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன்.

“பிரிஸ்கி, இப்படி வச்சா எப்படி? ஒரு மனுசன் உள்ள இருக்கான்ல. வெளிய பூட்டுனாத்தான் கதவு மூடும்னா என்ன அர்த்தம்? உள்ள ஒரு தாழ்ப்பாள் இருந்தா நம்ம பாட்டுக்குப் போட்டுக்கலாம், எடுத்துக்கலாம். மேல வச்சுட்டா இவனுக்கும் எட்டாது. வண்டியில ஸ்டூலும் இல்ல.”

தானே கண்டுபிடித்த மாதிரி சொன்னார். நான் கண்ணை அகல விரித்தேன்.

“அட, ஆமாங்க. எனக்குத் தோணவே இல்ல பாருங்க.”

இது பொய்தான். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுவேன்.

பக்கத்தில் ஹார்டுவேர் கடை இருக்கிறதா என்று இவர் சடையாண்டியைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் அடைப்பு என்றார் அவர். இவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பூட்டுக் கடை முதலாளி ஒரு தாழ்ப்பாளுக்காக நடுரோட்டில் தவிப்பதைக் கண்ணாரப் பார்த்தேன். பார்த்து முடித்தபின் என் கைப்பையைத் திறந்தேன். டயப்பருக்குக் கீழே, செய்தித்தாளில் சுற்றி, எட்டு அங்குலத் தாழ்ப்பாள் ஒன்று இருந்தது. எட்டுத் திருகாணி. ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

இவர் அதை வாங்கிப் பார்த்தார். நல்ல சரக்கு என்பது தெரிந்தது. ஆனால் தகரத்தில் ஓட்டை போட வேண்டுமே என்றார். நான் கூண்டுக்குள் ஏறி, கதவின் உள்பக்கம் மேலே ஒட்டியிருந்த அந்தோணியார் படத்தைப் பக்குவமாக உரித்தேன். பின்னால் வரிசையாக ஓட்டைகள். லத்தீப் அண்ணன் அளந்து போட்டவை. ஜோடிக் கதவின் மறுபாதியில் ஆரோக்கிய மாதா படத்துக்குப் பின்னால் மீதி.

இவர் அந்தோணியாரைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இது எப்பப் போட்டது?”

“பதினஞ்சு நாளாச்சு.”

“வண்டி ஓட்ட எப்பக் கத்துக்கிட்ட?”

“அதுவும் பதினஞ்சு நாள்தாங்க.”

அதற்குமேல் இவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துகொண்டே இருக்கும் என்று தெரிந்துவிட்டது போல. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருகாணியை ஒவ்வொன்றாக முடுக்கினார். சடையாண்டி திருகாணிகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, பூசை உதவிக்காரர் மாதிரி பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தார். கடைசித் திருகாணியை முடுக்கும்போது இவர் அதனிடம் சொல்வது போலச் சொன்னார், வீட்டுக்குப் போனதும் அந்தப் பதினொன்றையும் போட்டுவிடுகிறேன் என்று.

மேலேதானே என்று கேட்டேன். மேலேதான் என்றார்.

சேவுகம்பட்டி போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. மிச்ச தூரத்தையும் நானே ஓட்டினேன்; இவர் பிள்ளைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். முருகேசனின் தோப்பில் காற்று நன்றாக வீசியது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் தண்ணீர் நிரம்பி வாய்க்காலில் வழிந்தது. பாம்பு இருக்குமா என்று முருகேசனிடம் கேட்டேன். இருக்கும், ஆனா ஒண்ணும் பண்ணாது என்றார். வழக்கமாக நான் அந்த இடத்திலேயே அழுதிருப்பேன். சரிங்கண்ணே என்று சொல்லிவிட்டு வண்டியை நிழலில் ஏற்றி நிறுத்தினேன். ஒரே தடவையில், ரிவர்ஸில்.

வாக்குக்கு இன்னும் மூன்றரை நாள் பாக்கி இருந்தது. ஃபாதர் ஆமென் சொன்னது இவருக்கும் ஞாபகம் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டினார். சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, இனிகோவைக் கையில் பிடித்துக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தார்.

நான் கூண்டுக்குள் ஏறினேன். உள்ளே யாரும் இல்லை. கட்டிலைத் துடைத்தேன். ஜன்னல் வழியாகத் தென்னங்கீற்று நிழல் உள்ளே வந்து ஆடியது. திரைக்குப் பின்னால் ஒரு வாளித் தண்ணீர், ஒரு சோப்பு. வெளியே மோட்டார் சத்தம். அதற்குமேலே, பக்கத்தில் வந்துகொண்டிருக்கிற மூன்று பேரின் சத்தம்.

“பிரிஸ்கி, பாப்பா கையில என்னமோ வச்சிருக்கா, திறக்க மாட்டேங்குறா. நத்தையா கூழாங்கல்லான்னு தெரியல. செத்த வந்து பாரேன்.”

நான் பாட்டுப் பாடவில்லை. வாயே திறக்கவில்லை. எக்கி நின்று கையை உயர்த்தினேன். புதுத் தாழ்ப்பாள், எண்ணெய் மணம் போகாதது. தள்ளினேன். எட்டு அங்குலமும் முழுசாகப் போய் உட்கார்ந்தது.